எம்.ஆர்.ஐ. அறையில் தாய்மாமன்

வடுகபட்டியில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் துணைக்குப் போகிறவர் பூண்டு வியாபாரி கோட்டைச்சாமிதான். கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். தேனியில் எந்த டாக்டர் எப்போது வருவார், எந்த நர்ஸ் சிடுசிடுப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வெளியே வந்ததும் டாக்டர் சொன்னதை வீட்டாருக்கு விளக்குவார். டாக்டர் சொல்லாததும் அதில் தாராளமாகச் சேர்ந்திருக்கும்.

தங்கை பாண்டீஸ்வரியின் மகள் தேவயானிக்கு ஏழு வயது. திடீரென்று ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். கோட்டைச்சாமி தொடையை அழுத்திப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு வழங்கினார்.

"சுளுக்கு."

"காய்ச்சலும் அடிக்குதுண்ணே."

"அது சுளுக்குக் காய்ச்சல். எண்ணெயக் காய்ச்சிக் கொண்டா, நானே உருவிவிடுறேன்."

உருவினார். பிள்ளை அலறிய அலறலில் பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் அவளால் காலைத் தரையில் ஊன்றவே முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்ததில் ஒரு கோளாறும் தெரியவில்லை. கோட்டைச்சாமி அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். "எலும்பு எப்படி இருக்கு பாருங்க, தும்பப் பூவாட்டம்."

பாண்டீஸ்வரிக்கு மனசு ஒப்பவில்லை. காய்ச்சல் இறங்குவதாக இல்லை. பிள்ளை காலை மடக்கியபடியே கிடந்தாள், யாரையும் தொடவிடவில்லை. அண்ணனிடம் சொல்லாமல் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு, தேனியில் குழந்தைகள் டாக்டர் இம்மானுவேலிடம் போனாள். சேதி எப்படித்தான் எட்டியதோ, கோட்டைச்சாமியும் பைக்கில் வந்து சேர்ந்துவிட்டார்.

டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இடுப்பு மூட்டுல சீழ் பிடிச்சிருக்குமோன்னு சந்தேகமா இருக்கும்மா. உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கணும்."

"எக்ஸ்ரே சுத்தமா இருக்கே சார்" என்றார் கோட்டைச்சாமி.

"ஆரம்பத்துல எக்ஸ்ரேயில தெரியாதுங்க. எம்.ஆர்.ஐ.யிலதான் எலும்புக்கு உள்ள, மூட்டைச் சுத்தி என்ன நடக்குதுன்னு தெரியும். ஆமா, தொடை இப்படிக் கன்னிப்போயிருக்கே, காலை உருவச் சொன்னது யாரு?"

பாண்டீஸ்வரி அண்ணனைப் பார்த்தாள்.

"யாரோ சொன்னாக சார்" என்றார் கோட்டைச்சாமி.

அவள் குனிந்து பிள்ளையின் பாவாடையைக் காலுக்கு மேல் இழுத்துவிட்டாள்.

ஸ்கேன் அறைக்குள் துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்றார் அங்கே வேலை பார்த்த ஜாய்ஸ். தாய்மாமன் இருக்கும்போது வேறு யார் போவது? "உள்ள பெரிய காந்தம் இருக்கு. இரும்பு, நகை, போன் எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டு வாங்க" என்று சொன்னதும்தான் சிக்கல் தொடங்கியது. மோதிரங்கள் வந்தன. முருகன் டாலரோடு சங்கிலி வந்தது. சாவிக்கொத்து, தாயத்து, இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாண் எல்லாம் வந்தன. கடைசியில் பக்கிள் வைத்த பச்சை பெல்ட்டும் போனபோது, வேட்டிக்கு அவருடைய இடது கை மட்டுமே ஆதாரமாக நின்றது.

இயந்திரம் கடகடவென்று தட்ட ஆரம்பித்தது. தேவயானி அசையாமல் படுத்திருந்தாள். மாமனுக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. "ஆத்தா, பயப்படாத. மாமா இங்கனதான் இருக்கேன்" என்று இரண்டு கையையும் நீட்டினார். வேட்டி நழுவியது. பாய்ந்து பிடித்தார். பிள்ளை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

ஸ்பீக்கரில் ஜாய்ஸின் குரல் வந்தது. "பாப்பா அசைஞ்சுட்டா, படம் கலங்கிடுச்சு. மறுபடி எடுக்கணும். ஐயா, நீங்க வெளிய போய் அம்மாவ அனுப்புங்க."

படத்தில் எல்லாம் தெரிந்தது. தொடை எலும்பின் மேல்முனையில் கிருமித் தொற்று. இடுப்பு மூட்டுக்குள் சீழ். அன்றைக்கே ஆபரேஷன் செய்து வெளியேற்றினார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் மூட்டே அரித்துப்போயிருக்கும் என்றார் டாக்டர். கோட்டைச்சாமி அதை யாருக்கும் விளக்கவில்லை. தியேட்டர் வாசலில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். வந்த டீயும் கையிலேயே ஆறிப்போனது. பிள்ளையை வெளியே கொண்டுவந்தபோது, "உசுருக்கு ஒண்ணுமில்லைல்ல?" என்று ஸ்ட்ரெச்சர் தள்ளியவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

வாரக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். தேவயானி நடந்தாள், பிறகு ஓடினாள்.

அடுத்து உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் கோட்டைச்சாமி விளக்கிக்கொண்டிருந்தார்: "எக்ஸ்ரேயில என்னங்க தெரியும்? நான் அப்பவே சொன்னேன், எம்.ஆர்.ஐ. எடுத்துப்புடுவோம்னு."

எதிர் வரிசையில் தேவயானி அப்பளத்தை நொறுக்குவதை நிறுத்தினாள். "மாமா, நீங்க சுளுக்குன்னுதான சொன்னீக?"

பக்கத்து இலைக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பாண்டீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தாள்.

கோட்டைச்சாமி பரிமாறுகிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டு, ரசம் கேட்டார்.