ஒன்பதாவது கையெழுத்து

அபிதகுசாம்பாள் அக்காவைப் பற்றி நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கட்சியில் கேட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறந்தது, வாக்கப்பட்டது, கட்சியில் சேர்ந்தது, போய்ச் சேர்ந்தது எல்லாம் அதில் இருக்கிறது. இப்போது நான் எழுதுவது அதில் போட முடியாதது. போட்டால் முதலில் என்னைத்தான் கட்சியிலிருந்து தூக்குவார்கள். தூக்கட்டும்.

நான் நெடுஞ்செழியன். முள்ளிப்பட்டுப் பக்கம் காலனிக்காரன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு என்னைப் படிக்கவைத்தார்கள். ஆரணியில் ஒரு வக்கீலிடம் இருபது வருஷமாகக் குமாஸ்தா. மனு, அஃபிடவிட் என்று எழுதிக் கை பழகியிருந்ததால் தனிமனித உரிமைக் கட்சியின் நகரச் செயலாளர் பதவியையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அந்தக் கட்சியை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கூட்டத்துக்கு வருகிற எண்ணிக்கையைப் பார்த்து ஊரில் எங்களை ‘தனி மனுஷங்க கட்சி’ என்று கிண்டலடிப்பார்கள். எதை எடுத்தாலும் விவாதம். ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குவது சுதந்திரத்துக்கு எதிரானதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் கத்தினோம். வெளியே வந்து பார்த்தால் எங்களில் ஒருவரிடமும் ஹெல்மெட் இல்லை.

அக்கா கட்சிக்கு வந்ததே ஒரு கேள்வியோடுதான். பத்து வருஷம் இருக்கும். ஆரணிப்பாளையத்தில் நாங்கள் போட்ட தெருமுனைக் கூட்டத்தில், கறிவேப்பிலைக் கட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்த ஓர் அம்மாள் நடுவில் குரல் கொடுத்தார்.

“கேள்வி கேக்கலாமா, இல்ல கை தட்டறது மட்டுந்தானா?”

மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் இறங்கிப் போய் மைக்கைக் கொடுத்தேன். “பேச்சு சுதந்திரம்னு அரை மணி நேரமா பேசிகினு கீறீங்க. எங்க தெருவுல தறி ஓட்ற பொம்பளைங்க எத்தினி பேரு உங்க கட்சியில கீறாங்க?” என்று கேட்டார். ஒருவரும் இல்லை. அடுத்த வாரம் அவரே வந்து உறுப்பினர் அட்டை வாங்கிக்கொண்டார். எட்டாவது படித்தவர். கட்சியின் கொள்கைப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்த ஆள் ஆரணியில் அவர் ஒருவர்தான். நான்கூடப் பாதிதான் படித்திருந்தேன், பொய் சொல்வானேன்.

கட்சி சின்னதாக இருந்தாலும் அணி இரண்டு. மாநிலத் தலைமையிலேயே இரண்டு. தொழிலில் அரசு தலையிடவே கூடாது, யார் எதை வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்பது சந்தை அணி. இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே சுதந்திரம் என்றால் இல்லாதவன் நசுங்கிப்போவான், சட்டம் அவன் பக்கம் நிற்கவேண்டும் என்பது பாதுகாப்பு அணி. நான் பாதுகாப்பு அணி. என் பிறப்புக்கு வேறு எதில் இருப்பேன்? எங்கள் ஊரில் சந்தை அணிக்குத் தலைவர் தென்னரசு, ஜரிகைக் கடைக்காரர். நல்ல மனிதர்தான். ஆனால் எனக்கும் அவருக்கும் ஆகாது.

ஆரணிக்கு வந்தால் இந்தச் சண்டையெல்லாம் ஒரே ஒரு சட்டத்தில் வந்து நிற்கும். பார்டர் போட்ட பட்டுப்புடவையைக் கைத்தறியில்தான் நெய்யலாம், விசைத்தறியில் நெய்யக் கூடாது. சட்டம் அப்படி. ஊரில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். தென்னரசு அந்தச் சட்டத்தை எடுத்துவிடு என்பார். நான் அதை இறுக்கிப் பிடி என்பேன். மாதாமாதம் இதே பாட்டு.

அக்கா வீட்டில் இது பாட்டு இல்லை, சோற்றுப் பிரச்சினை. கணவர் ஜெகநாதன் வீட்டுக்குள் கைத்தறி நெய்கிறவர். ஒரே மகன் சந்திரமோகன், சேவூர் ரோட்டில் ஷெட்டு பிடித்து, பழைய விசைத்தறி இரண்டை வாங்கிப் போட்டு, அதே பார்டர் புடவையை ஓட்டிக்கொண்டிருந்தான். “நீ ஓட்றதால எங்க புடவைக்கு மவுசு போச்சிடா” என்பார் அப்பா. “இடுப்பு ஒடிய கைத்தறியில நெஞ்சி நீ இன்னாப்பா கண்ட?” என்பான் மகன். ஒரே வீட்டில் இரண்டு அணி.

“அப்பனுக்கு சோறு போட்டா புள்ள எந்திரிச்சி போறான். புள்ளைக்கு போட்டா அப்பன் மூஞ்ச திருப்பிக்கறாரு. ஒரே பேஜாரா கீது தம்பி” என்று ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னார். “ரெண்டு பேருக்கும் ஞாயமா ஒண்ணு உங்க கட்சியாவது சொல்லுதா பாக்கலாம்னுதான் நான் வந்துகினு கீறேன்.”

கட்சி சொல்லவில்லை. அவரே யோசித்து ஒன்று சொன்னார். “எதுல வேணா நெய்யட்டும். எதுல நெஞ்சதுன்னு புடவையிலயே எழுதிடணும். கைத்தறின்னு பொய் எழுதறான் பாரு, அவன புடி. எத வாங்கறதுன்னு வாங்கறவ பாத்துக்குவா.”

அவ்வளவுதான். இன்றைக்கு யோசித்தால், எங்கள் கட்சிக் கொள்கைப் புத்தகம் மொத்தத்தையும் பிழிந்தால் வருவது இந்த நாலு வரிதான். முதல் வரிக்குத் தென்னரசு கை தட்டினார். மூன்றாவது வரிக்கு நான் தட்டினேன். முழுசுக்கும் ஒருவரும் தட்டவில்லை. ஏன்? அது இரண்டு அணியில் எதிலிருந்தும் வரவில்லை, வேறென்ன.

2022 ஆவணியில் நடந்ததைச் சொல்கிறேன். அடுத்த மாதம் திருச்சியில் மாநில மாநாடு. கைத்தறிச் சட்டத்தில் கட்சியின் நிலைப்பாடு என்ன என்று அங்கே முடிவாகவேண்டும். பட்டுக்குப் பேர்போன ஊர் என்பதால் ஆரணித் தீர்மானத்துக்குத் தனி மதிப்பு. ‘ஏகமனதாக’ என்று இருக்கட்டும், விசைத்தறி ஷெட்டுகளைச் சோதனை போடச் சொல்லி இருக்கட்டும் என்று எங்கள் அணித் தலைவர் எனக்கு இரண்டு முறை போன் செய்தார். தென்னரசு ஆட்கள் அன்றைக்குக் கூட்டத்துக்கு வராமல் புறக்கணித்தார்கள். தீர்மானம் செல்ல வேண்டுமானால் ஒன்பது பேர் வேண்டும். எங்கள் பக்கம் எட்டுப் பேர்தான்.

அக்கா வந்தார். உட்காரக்கூட இல்லை. வீட்டுத் தறியில் புதுப் பாவு நூலைப் பிணைக்க ஆள் வந்து காத்திருந்தார், உடனே திரும்பவேண்டும். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கூட்டத்துக்கு வந்ததும் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தறியையும் கடையையும் விட்டுவிட்டு வருகிறவர்கள், நான் எழுதி முடிக்கும் வரை எங்கே காத்திருப்பது? மேலே இடம் விட்டுக் கீழே கையெழுத்து. பிறகு நான் எழுதிக்கொள்வேன். அதுவரை அதில் ஒரு தப்பும் நடந்ததில்லை.

“நான் சொன்னத எழுதுவியா தம்பி?”

“எழுதறேங்க்கா.”

“உன் கோர்ட்டு பாஷையில போட்டு கொழப்பாத. அப்பிடியே எழுது” என்று சொல்லி, ஒன்பதாவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேகமாகப் போனார்.

நான் எழுதவில்லை. அவருடைய நாலு வரியில் ஒன்றைக்கூட எழுதவில்லை. ‘ஆரணி சுற்றுவட்டாரத்தில் சட்டவிரோதமாகப் பட்டுப்புடவை நெய்யும் அனைத்து விசைத்தறிக் கூடங்களையும் உடனடியாகச் சோதனையிட்டு நடவடிக்கை எடுக்க இக்கூட்டம் ஏகமனதாக வலியுறுத்துகிறது’ என்று எழுதினேன். சந்திரமோகனின் ஷெட்டு எனக்கு ஞாபகத்திலேயே வரவில்லை என்று பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்தது. ஊரில் எத்தனையோ ஷெட்டு, யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். நகல் எடுத்து அதிகாரிகளுக்கும் பத்திரிகைக்கும் மறுநாளே அனுப்பினேன்.

யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள் என்று நினைத்த மனு அது. பத்தாவது நாள் சோதனைக்கு ஆள் வந்துவிட்டார்கள். சேவூர் ரோட்டில் நாலு ஷெட்டு. சந்திரமோகனின் புடவைகளை எடுத்துக்கொண்டு வழக்கும் போட்டார்கள். அன்று சாயங்காலமே தென்னரசு அணி எங்கள் தீர்மானத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டது. ஒன்பதாவது கையெழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ‘பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்த தாய், இதுதான் பாதுகாப்பு அணி!’ என்று கீழே ஒரு வரி வேறு. தூ! அதை எழுதினவனைத் திட்ட எனக்கு வாய் இருக்கிறது, யோக்கியதை இல்லை.

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போனேன். ஜெகநாதன் தறியில் இருந்தார், தலை நிமிரவில்லை. மகனும் மருமகள் சுபலட்சுமியும் குழந்தையும் விடிந்ததுமே களம்பூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். அக்கா குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

“அக்கா, நான் போய் மோகன்கிட்ட சொல்லிட்றேன். வெறும் நோட்டுல கையெழுத்து வாங்கி நான்தான் எழுதினேன்னு சொல்லிட்றேன்.”

அவர் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு, “நீ போ தம்பி. என் புள்ளய நான் பாத்துக்கறேன்” என்றார்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. வெட்கம்கெட்டவன், நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. வெற்று நோட்டு விஷயம் வெளியே போனால் மாநாட்டில் எங்கள் தீர்மானம் செல்லாது, எங்கள் அணியே தலைகுனியும். அக்காவே வேண்டாம் என்றுவிட்டார், நான் ஏன் போகவேண்டும் என்று திரும்பிவிட்டேன். மாநாட்டில் என்ன நடந்தது தெரியுமா? இரண்டு அணித் தலைவர்களும் ஓர் அறைக்குள் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் சமாதானமாகிவிட்டார்கள். சர்ச்சைக்குரியது என்று கைத்தறிப் பகுதியையே கொள்கை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆரணித் தீர்மானத்தை யாரும் படிக்கக்கூட இல்லை. எனக்கு நகரப் பொறுப்போடு மாவட்டத் துணைச் செயலாளர் பதவியும் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

அக்கா கட்சியை விட்டுப் போகவில்லை. போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மாதாமாதம் வந்தார். ஒன்றே ஒன்றுதான் மாறியது. வந்ததும் கையெழுத்துப் போடமாட்டார். நான் எழுதி முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் போடுவார். ஜல்தியாகப் போகவேண்டியவர்கள் முனகினார்கள். மெல்ல மெல்ல மற்றவர்களும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். மூன்று வருஷம் அந்த நோட்டை அவர் கையில் கொடுக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகன் வந்து போகிறானா என்று நானும் கேட்கவில்லை. வருவதில்லை என்று ஊர் சொல்லிற்று.

போன தை மாதம் அக்கா இறந்துபோனார். நெஞ்சு வலி, வேலூருக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. சந்திரமோகன் வந்தான், கொள்ளி வைத்தான், அன்றைக்கே களம்பூருக்குத் திரும்பினான். மறுநாள் தெருவில் இரண்டு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். ‘சந்தைச் சுதந்திரத்தின் குரல்’ என்று தென்னரசு அணி. ‘நெசவாளர் பாதுகாப்பின் அரண்’ என்று எங்கள் அணி. இரண்டிலும் ஒரே போட்டோ.

மலருக்கு அவர் பிறந்த வருஷம் வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு நான் களம்பூர் போனேன். ஒரு ரைஸ் மில்லில் மிஷின் ஆபரேட்டராக இருந்தான் சந்திரமோகன். தவிட்டுத் தூசி படிந்த தலையோடு வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தான். வருஷம் சொன்னான். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு வெறுமையாக இருந்தது, அம்மா சொன்ன நாலு வரி வேறு, எழுதினது நான் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது.

நான் கீழே வைத்த டீ டம்ளரை அவன் எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்தான். பிறகு சொன்னான்.

“அன்னிக்கே நான் கேட்டேன் சார். ‘வெறும் நோட்டுல கையெழுத்து வாங்கிகினாங்களாம்மா, சொல்லும்மா’ன்னு கேட்டேன். ‘சீ, எங்க கட்சியில அப்பிடியெல்லாம் பண்ணமாட்டாங்க. ஒருத்தர கேக்காம அவங்க பேர்ல ஒரு எழுத்து எழுதமாட்டாங்க. நான் தெரிஞ்சிதான் போட்டேன்’னாங்க. அத நான் நம்பிட்டேன்.”

என்னால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “தப்பு பண்ணிட்டேன் மோகன்” என்றேன்.

“இத இப்ப வந்து சொல்றீங்களே சார்” என்றான். “பொங்கலுக்கு அம்மா போன் பண்ணாங்க. எடுக்கல நானு.”