ஏழு நாள் விலை

மர்பி டவுனில் கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டு மைக், ஸ்பீக்கர், சவுண்ட் மிக்ஸர் விற்கிறேன். ரூபாய் சரிந்தால் போதும், எனக்கு இறக்குமதி செய்து தரும் மும்பைக்காரன் புது விலைப்பட்டியல் அனுப்பிவிடுவான். அதனால் என் கொட்டேஷனில் கடைசி வரி எப்போதும் இதுதான்: இந்த விலை ஏழு நாளுக்கு மட்டும்.

அந்த வரியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவர் ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கத்து சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துபவர். ரிட்டயர்டு வாத்தியார். அவர்களுடைய பழைய மிக்ஸர் சும்மா இருக்கும்போதும் இரையும். அவருக்கு இடது காது போய்விட்டது. வலதும் போய்க்கொண்டிருந்தது.

"இந்தக் கிறிஸ்மஸ் கேரலையாவது இரைச்சல் இல்லாம கேட்டுடணும் தம்பி. அடுத்த வருஷம் என் காது இருக்குமோ என்னமோ" என்றார்.

சபையார் பணம் கொடுத்துவிட்டார்கள். குறுக்கே நின்றது சர்ச் கமிட்டி. மூன்று கடை கொட்டேஷன் வேண்டும். இரண்டு வாரம் முன்பே ஒட்டிய கவரில் தர வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்துதான் பிரிப்பார்கள். இரண்டு வாரம் கிடக்கும் கவருக்குள் ஏழு நாள் விலை! செப்டம்பரில் பிரித்தபோது விலை ஏறியிருந்தது. கவரில் உள்ள தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தர மாட்டார்களாம். மறுபடி மூன்று கவர். அக்டோபரிலும் இதே கூத்து, நவம்பரிலும் இதே கூத்து. படித்தவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்து செய்த வேலை இது.

நான்காவது கவருக்காக அவர் வந்தார். அலமாரியில் இருந்த மிக்ஸர் பெட்டியைத் தட்டினார்.

"இது எப்ப வந்துச்சு தம்பி?"

"மே மாசம் சார்."

"அப்ப மே மாச டாலர்தானே? இங்கயே கிடந்த பெட்டி எப்படி விலை ஏறுச்சு?"

"இத வித்துட்டு அடுத்தத நான் இன்னைக்கு டாலர்லதான் வாங்கணும் சார்."

"சரி. டாலர் இறங்குனப்ப என்னைக்காச்சும் யாருக்காச்சும் போன் பண்ணி விலை குறைஞ்சுதுன்னு சொல்லியிருக்கீங்களா?"

இல்லை. ஒரு நாளும் இல்லை. அவர் உண்மையைச் சொன்னதால் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னைக் கேக்காதீங்க! உங்க கமிட்டிக்குப் புத்தி இருக்கான்னு போய்க் கேளுங்க!" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. வலது காதை என் பக்கம் திருப்பி, "என்ன சொன்னீங்க தம்பி? கேக்கல" என்றார்.

அதை இரண்டாம் தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செப்டம்பரில் கொடுத்த விலையையே எழுதினேன். கடைசி வரியை அடித்துவிட்டு, "கமிட்டி கவரைப் பிரிக்கும் நாள் வரை" என்று எழுதி ஒட்டிக்கொடுத்தேன். டிசம்பரில் கவரைப் பிரித்து அந்த விலைக்கே வாங்கினார்கள். அதற்குள் டாலர் இன்னும் ஏறியிருந்தது. அந்தப் பெட்டியில் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வள்ளல் வேஷமெல்லாம் எனக்கு ஒத்துவராது. அடுத்த ஆளுக்கு ஏழு நாள்தான் எழுதினேன்.

கேரல் அன்று மாலை நானே போய் மாட்டிக்கொடுத்தேன். குழு எழுந்து நின்றது. பாட்டைத் தொடங்கிவைக்க அவர் உடனே கையைத் தூக்கவில்லை. முதலில் வலது காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினார். மிக்ஸர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு இரைச்சலும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கையைத் தூக்கினார்.