மராஷுக்குச் சொல்லியனுப்பிய சேதி

லூலேயைப் போல நெஞ்சுரம் உள்ளவள் எங்கள் மலையில் இன்னொருத்தி கிடையாது.

அவள் தம்பி மராஷ் நாட்டைவிட்டுத் தப்ப எல்லையைத் தாண்டப் போய்ச் சுட்டுக் கொல்லப்பட்டான். மறுநாள் காலையிலேயே கட்சிச் செயலாளன் அவள் வாசலில் வந்து நின்றான்.

"துரோகிக்கு இந்த வீட்ல ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீங்கன்னு தெரிஞ்சுது, குடும்பத்தோட தண்டனை முகாமுக்குத்தான். பிள்ளைங்களும் சேர்த்து."

அவளுக்கு இரண்டு பெண்கள். சின்னவளுக்கு அப்போது நடக்கக்கூட வராது.

அன்றைக்கே எங்களோடு மக்காச்சோளக் காட்டுக்குக் களையெடுக்க வந்தாள். கண் காய்ந்து கிடந்தது. வாய் மட்டும் எதையோ குதப்பிக்கொண்டிருந்தது.

"என்னடி வாயில? எனக்கும் ஒண்ணு குடேன்" என்றேன்.

நாக்கை நீட்டினாள். ஆற்றுக் கூழாங்கல்.

"நெஞ்சு பொங்கி வந்தா இதைக் கடிச்சுக்கறேன், தீலேக்கா. அடங்கிடுது."

ஏழு மாதம் கடித்தாள். ஒரு கடைவாய்ப்பல் உடைந்தது. சிரிப்பையும் விட்டுவிட்டாள், சிரித்தால் பின்னாலேயே அழுகையும் வந்துவிடுமாம். பெற்ற பிள்ளையைக் கொஞ்சக்கூடப் பயந்தாள்.

அப்புறம் செயலாளனின் அம்மா செத்தாள். பாதிரியாரை ஊரைவிட்டு விரட்டிய கட்சிக்காரர்களால் ஒப்பாரியை விரட்ட முடியவில்லை. எங்கள் பக்கத்தில் பிணத்தைச் சுற்றி உட்காரும் பெண்கள், முன்னே போன தங்கள் ஆட்களுக்கும் அந்தப் பிணத்திடமே சேதி சொல்லியனுப்புவோம். லூலே தலைமாட்டில் உட்கார்ந்தாள். கல்லைத் துப்பி மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு அழுதாளே ஒரு அழுகை! கூரையே நடுங்கியது. செயலாளனுக்கு முகமெல்லாம் பெருமை. அவன் அம்மாவுக்கு வேறு யார் அப்படி அழுதார்கள்?

அந்த நேரம் பார்த்து வாய் தவறிவிட்டது.

"மராஷ்கிட்ட சொல்லும்மா... குளிர் வந்திருச்சு, கம்பளிகூட இல்லாமப் போயிட்டானேன்னு சொல்லும்மா!"

செயலாளன் நிமிர்ந்தான்.

"எந்த மராஷ்?"

லூலேயின் கை மடியில் கல்லைத் தேடியது.

செத்துப்போன என் புருஷன் பெயரும் மராஷ்தான். பெருங்குடிகாரன். அவன் போனபோது நான் மூக்கைக்கூடச் சிந்தவில்லை.

"எந்த மராஷா? எங்க வீட்டுத் தண்டச்சோறுதான், வேற யாரு!" என்று மாரில் அடித்துக்கொண்டேன். "எனக்குக் கண்ணீர் வராது, ஊருக்கே தெரியும். அதான் எனக்காக இவளை அழச் சொன்னேன். ஏன் தம்பி, உங்கம்மா என் புருஷனுக்கு ஒரு சேதி கொண்டுபோக மாட்டாளா?"

பக்கத்தில் இருந்தவள் "ஐயோ மராஷு!" என்று எடுத்தாள். பின்னாலேயே மற்றவர்களும் எடுத்தார்கள். செயலாளன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு சிகரெட்டைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

திரும்பும் வழியில் லூலே சொன்னாள்: "உங்க வீட்டுக்காரர் இவ்வளவு அழுகைக்கு லாயக்கில்லைக்கா."

"தெரியும்டி. அந்த ஆளுக்கா போய்ச் சேரப் போகுது?"

சிரித்துவிட்டாள், உடைந்த பல் தெரிய.

அதன்பின் பதினொரு வருடம், எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் லூலே என் புருஷனுக்காக அழுதாள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கொஞ்சினாள். முகாமுக்கு யாரும் போகவில்லை. எங்கள் மலையிலேயே அதிகம் அழப்பட்ட குடிகாரன் என் வீட்டுக்காரன்தான். உயிரோடு இருந்தவரை ஒருத்தருக்கும் உதவாதவன்.