எண்ணெய் ஊறிய கதியால்

எங்கள் வளவுக்கும் குஞ்சியப்புவின் வளவுக்கும் நடுவிலுள்ள வேலியில் ஒரு பொட்டு இருக்கிறது. ஓர் ஆள் குனிந்து புகுந்துபோகும் அளவு இடைவெளி. அதை எங்கள் ஊரில் பொட்டு என்போம். அதன் ஓரத்தில் நிற்கும் பூவரசங் கதியாலில், இடுப்பளவு உயரத்தில், பட்டை கறுத்து மினுமினுப்பாக இருக்கும். வேலிக்கு ஊன்றிய வெறும் தடி வேர்விட்டு, இன்று மரமாகி, மஞ்சள் பூவும் பூக்கிறது. அந்தக் கறுப்பு மட்டும் போகவில்லை. அது என் ஐயாவின் கை பிடித்த இடம். நாள் தவறாமல் எண்ணெய்க் கையோடு பிடித்த இடம். அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ களவெடுத்தவள் மாதிரி இருக்கும்.

குஞ்சியப்பு ஐயாவின் ஒரே தம்பி, எனக்குச் சித்தப்பா. தகப்பன் விட்டுப்போன செம்மண் காணியைப் பாதி பாதியாகப் பிரித்து, இருவரும் புகையிலையும் வெங்காயமும் நட்டுச் சீவித்தார்கள். ஐயா கெட்ட மனிதர் அல்லர். ஆனால் எங்கள் ஊரில் எல்லை என்று வந்துவிட்டால் நல்லவர்களுக்கும் புத்தி கொஞ்சம் தடுமாறிவிடும். மழைக்கு முன் வேலி அடைக்கிற ஒரு வருடம், உக்கிப்போன கதியால்களைப் பிடுங்கிப் புதிது ஊன்றினார். அப்போது அவை குஞ்சியப்புவின் பக்கமாகச் சற்றே நகர்ந்துவிட்டன. தானாக நகரவில்லை. ஐயாதான் நகர்த்தினார். அதை நான் மறைத்து எழுதினால் இந்தக் கதைக்கு அர்த்தமே இல்லை.

நான் அப்போது மானிப்பாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். அது சனிக்கிழமை, வீட்டில் நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் குஞ்சியப்பு கத்துகிறார், இந்தப் பக்கம் ஐயா. "கூடப் பிறந்தவன்ரை மண்ணிலையோ கை வைக்கிறாய்?" என்று அவர் கேட்க, ஐயா, "ஏலுமெண்டா பிடுங்கு பாப்பம்!" என்றார். குஞ்சியப்பு கதியாலை வலக்கையால் எட்டிப் பிடித்து இழுத்தார். இழுத்தபடியே முகம் ஒருபக்கமாகக் கோணியது. பிடி நழுவ, அப்படியே சரிந்தார். ஐயா ஒரு கணம் மரம்போல நின்றார். பிறகு வேலியின் ஓலைக் கிடுகுகளை வெறுங்கையால் பிய்த்தெறிந்து, "தம்பி!" என்று அலறிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். பொட்டு உண்டானது அப்படித்தான். அந்த 'தம்பி'க்குப் பிறகு ஐயா அவரைப் பார்த்து நேரே ஒரு சொல்லும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியிலிருந்து குஞ்சியப்புவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வலக்கையும் வலக்காலும் விளங்கவில்லை. பேச்சும் குழறியது. நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் வந்து பார்த்து எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். "இளஞ்சூட்டிலை, தோளிலையிருந்து கீழ்நோக்கி உருவ வேணும். ஒருநாளும் விடக் கூடாது. உரமான கை வேணும்," என்றார். அந்த வீட்டில் அவர் மனைவி குஞ்சியாச்சியும் சின்னப் பெட்டைப்பிள்ளைகளும்தான். உரமான கைக்கு எங்கே போவது என்று எல்லோரும் முகத்தை முகம் பார்த்தபோது, பொட்டுக்கு வெளியே நின்ற ஐயா உள்ளே வந்தார். "விடிய நான் வாறன். எண்ணெயைச் சூடாக்கி வையுங்கோ," என்று குஞ்சியாச்சியிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

மண்வெட்டி பிடித்துக் காய்ச்சுப்போன கை ஐயாவுடையது. தம்பியின் தோல் கீறிவிடும் என்று, ஒவ்வொரு காலையும் கிணற்றடிக் கல்லில் உள்ளங்கையைத் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்குவார். எண்ணெயின் சூட்டைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பார். உடனே உருவத் தொடங்கமாட்டார். விறைத்த கையை முதலில் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்திருப்பார், குளிரில் நனைந்த கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பதைப் போல. பிறகு தோளிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு, இரண்டு எலும்புக்கும் நடுவில் பெருவிரலை ஊன்றி இறக்குவார். மூடிப்போன விரல்களை ஒவ்வொன்றாக விரித்து நுனிவரை நீவுவார். கடைசியில் நொச்சியிலைப் பொட்டலியால் ஒத்தடம். அந்த நேரம் அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும். கோயிலில்கூட ஐயா அப்படி நின்று நான் கண்டதில்லை.

பேச்சுத்தான் இல்லை. குஞ்சியப்புவுக்கு நாக்குத் திருந்தி வந்த பிறகும் இல்லை. சனி ஞாயிறுகளில் நானும் போவேன். "சூடு கூடவோ எண்டு கேள்," என்பார் ஐயா, கைக்குள் அவருடைய கையை வைத்துக்கொண்டே. "அளவெண்டு சொல்லு," என்பார் குஞ்சியப்பு, முகட்டைப் பார்த்துக்கொண்டு. "நான் என்ன ரெண்டு பேருக்கும் தபால்காரியோ?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரி வாயை இறுக்கி அதை விழுங்கினார்கள்.

கால் மெல்ல மெல்ல வந்தது. ஊன்றுதடியோடு முற்றத்தில் நடந்தார். கை வரவில்லை. "கால் தந்ததே கடவுள் செயல்," என்று பரியாரியார் கைவிரித்துவிட்டார். ஐயா விடவில்லை. தோட்டத்துக்கு இறைக்கிற நாளிலும், உடம்பு காய்கிற நாளிலும் போனார். போய் வரும்போது அந்தக் கதியாலைப் பிடித்துக்கொண்டு, குனியாமல், கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். நான் பகிடி விட்டேன்: "என்ன ஐயா, அங்காலை போக மனமில்லையோ, இஞ்சாலை வர மனமில்லையோ?" அவர் சிரித்தார். மூச்சு வாங்கத்தான் நின்றிருக்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறேன். திரும்பப் பெற முடியாத பேச்சு என்றால் அந்தப் பகிடிதான்.

ஒரு காலையில் பொட்டைத் தாண்டி வந்தவர், "நெஞ்சை இறுக்குது," என்று வாசலில் இருந்தார். கார் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருடைய கையில் அந்த எண்ணெய் மணம் இன்னும் இருந்தது.

பிரேதத்தைக் குளிப்பாட்டுவதற்கு முன் உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து தலையில் எண்ணெய் வைப்பார்கள். எல்லோரும் அறுகம்புல்லால் தொட்டு வைத்தார்கள். குஞ்சியப்புவின் முறை வந்தது. ஊன்றுதடியை மகளிடம் கொடுத்தார். வலக்கையைக் கிண்ணத்துக்குள் விட்டார். உள்ளங்கை நிறைய எண்ணெயை அள்ளி ஐயாவின் உச்சியில் வைத்துத் தேய்த்தார். ஐந்து விரலும் விரிந்து, மடிந்து, ஒழுங்காக வேலை செய்தன. ஒப்பாரி நின்றுபோய்ப் பறை மட்டும் கேட்டது. சாவு வீட்டில் அற்புதம் நடந்ததென்று சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் போடவில்லை. ஒரே நாளில் வந்த கை அல்ல அது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது.

அந்தியேட்டிக் கிரியை அன்று குஞ்சியாச்சி அழுதுகொண்டே சொன்னார்: "கன காலமா அவரே கோப்பை பிடிச்சுத் தேத்தண்ணி குடிக்கிறார் பிள்ளை. உன்ரை ஐயா வாற நேரம் மட்டும் கையைத் தொங்கவிட்டிடுவார். ஏனெண்டு கேட்டா, 'கை வந்திட்டுது எண்டு தெரிஞ்சா அவர் வரமாட்டார்' எண்டுவார்." எனக்கு இரக்கம் வரவில்லை. பொய்க் கையை நீட்டிக்கொண்டு கிடந்து என் ஐயாவின் உயிரைக் குடித்த மனிதர் என்றுதான் நினைத்தேன். பொட்டுப் பக்கம் போவதை நிறுத்தினேன். தெருவில் கண்டாலும் குடையைச் சரித்துக்கொண்டு போனேன்.

இப்படி வருடங்கள் போயின. ஒருநாள் நான் வழக்கம்போலக் குஞ்சியப்புவைத் திட்டிக்கொண்டிருக்க, அம்மா உலையைப் பார்த்தபடி சொன்னார்: "வாயை மூடு. கொப்பருக்கு எல்லாம் தெரியும்." "ஐயாவுக்கோ?" என்று கேட்டேன். "பிடிச்சு உருவிற கைக்குத் தெரியாதோ? அந்தக் கடைசித் தைப்பொங்கலுக்கு முந்தியே தசை இறுகினது, நரம்பு துடிச்சது எல்லாம் வந்து சொல்லுவார். பிறகேன் போறியள் எண்டு கேட்டன். 'நிப்பாட்டினா, என்ன சாட்டுச் சொல்லிக்கொண்டு அங்கை போறது?' எண்டார்."

அன்றைக்கே போனேன். குஞ்சியப்பு மாமரத்தடியில் இருந்து, இரண்டு கையாலும் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பழக்கதோஷத்தில் வலக்கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். நின்றபடியே சொன்னேன்: "ஐயாவுக்குத் தெரியுமாம். உங்கடை கை வந்தது தெரியுமாம்."

"எப்ப தொடக்கம்?"

"அந்தக் கடைசித் தைப்பொங்கலுக்கு முந்தியே தெரியுமாம். அம்மா சொன்னவ."

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொங்கலுக்குப் பிறகுதானே பிள்ளை எனக்கு விரல் அசைஞ்சது," என்றார். விரல்களை ஒருமுறை மடக்கி விரித்து, "எனக்குத் தெரிய முன்னம் அண்ணைக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார். அவர் 'அண்ணை' என்று சொல்லி நான் கேட்டது அந்தச் சண்டைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பிறகு அழுதார். "ஒரு சொல்லு, பிள்ளை. சும்மா வந்து இரு அண்ணை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா மனிசன் இண்டைக்கும் இருந்திருக்கும்."

அவருடைய பாரத்தை இறக்கத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். இறக்கியது என் பாரத்தை. ஏமாற்றிவிட்டோம் என்ற குற்றத்தோடு அதுவரை எப்படியோ காலம் தள்ளியவருக்கு, ஏமாற்றவே தேவையிருக்கவில்லை என்பதைப் போய்ச் சொல்லிவிட்டேன். அன்று பாதியில் விட்ட சுருட்டை அவர் பிறகு எடுக்கவில்லை. அன்றிலிருந்து ஆளே ஒடுங்கிப்போனார்.

இப்போது ஊரில் பலர் வேலியைப் பிடுங்கி மதில் கட்டுகிறார்கள். குஞ்சியப்புவின் மருமகனும் மதிலுக்குக் கல் இறக்க ஆயத்தமாக வந்தார். "உந்தக் கதியால் நிக்குமட்டும் வேலிதான்," என்று கிழவர் சொல்லிவிட்டார். அது பிழையான இடத்தில்தான் நிற்கிறது; எங்கள் இரண்டு வீட்டுக்கும் அது தெரியும்; ஒருவரும் கதைப்பதில்லை. எனக்கு இந்த வீடு சீதனமாக வந்ததால் நானும் இங்கேயே இருக்கிறேன். அவருடைய பெட்டைகள் கலியாணம் கட்டித் தூரத்தில். குஞ்சியாச்சிக்குக் கை நடுக்கம். குஞ்சியப்புவின் பழைய காலில் வாதம் திரும்பக் குடியேறிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, அதே எண்ணெயைச் சூடாக்கி, பின்னேரங்களில் நான்தான் உருவிவிடுகிறேன். நான் காலைத் தொடும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வார். சுகத்தில் அல்ல என்று எனக்குத் தெரியும்.

"சுகமாயிட்டுது பிள்ளை. நோவே இல்லை. நாளைக்கு வராதை," என்றார் நேற்றும். என் பெருவிரலுக்கு அடியில் கெண்டைத் தசை கல்லாக இறுகிக் கிடந்தது. "ஓம்," என்றேன். பொட்டடிக்கு வந்து, எண்ணெய்க் கையால் அந்தக் கதியாலைப் பிடித்துக்கொண்டு, குனியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். நாளைக்கும் போவேன்.