பின் சீட்டில் யாரும் ஏற மாட்டார்கள்

"பொம்பளப் பிள்ள காரு வாங்கி என்னா செய்யப் போவுது அண்ணி? ஒங்கள ஏத்திக்கிட்டா சுத்தப் போவுது?"

நான் கார் எடுக்கப் போகிறேன் என்றதும் அத்தை அம்மாவிடம் கேட்டது இது. அம்மா விடவில்லை. "தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு எம் மக கார்லதான் போவேன். வாசல் வரைக்கும் கால் கீழ வைக்க மாட்டேன், பாரு" என்றார். அதையே நேர்த்திக்கடனாகவும் வைத்துக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவள் நான்தான். ஈப்போவில் அலுவலக வேலை. கார் வந்த முதல் வாரமே உடன் வேலை செய்யும் பையன்கள், "என்னா லா இது, மார்க்கெட் போற ஆன்ட்டி வண்டி மாரி ஒசந்து நிக்கிது" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை. பரீட்சைக்குப் படிப்பதுபோல் உட்கார்ந்து, காரின் குலுக்கலைத் தாங்கும் அப்சோபர்களைப் பற்றிப் படித்தேன். 'ஹைலோ' என்று ஒரு வகை உண்டு. அதிலுள்ள வளையத்தைத் திருகினால் கார் ஏறும், இறங்கும். மேலே இருக்கும் திருகாணியைச் சுற்றினால் ஓட்டம் மென்மையாகவோ விறைப்பாகவோ ஆகும்.

சிம்பாங் பூலாய் பட்டறையில் மாட்டக் கொடுத்தேன். உயரம் வைப்பதற்குமுன் பட்டறைக்காரர் வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார்.

"பின்னால ஆளு ஏறுவாங்களா தங்கச்சி?"

"யாரும் ஏற மாட்டாங்க அண்ணே. நல்லா எறக்குங்க."

ஒரு கணம்கூட யோசிக்காமல் சொன்னேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையாத அளவுக்குக் கார் தாழ்ந்தது. வளைவுகளில் சாயாமல் ஓடியது. மறுநாள் பையன்கள் காரைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முனியாண்டி கோயில் திருவிழாவுக்கு அம்மாவை முன்னாலும், அத்தையையும் மாமாவையும் பின்னாலும் ஏற்றிக்கொண்டு சிலிம் ரிவர் பக்கம் போனேன். எங்கள் குடும்பம் முன்பு இருந்த ரப்பர் தோட்டம் இப்போது செம்பனைக் காடு. கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது. செம்மண் சாலையில் இறங்கியதுமே பின்பக்கம் உரச ஆரம்பித்தது. கோயில் வாசலுக்கு முன்னால், லாரிகள் வேகமாகப் போகாமலிருக்க மண்ணைக் கொட்டி ஒரு பொங்கோல் மேடு போட்டிருந்தார்கள். ஏறும்போது அடியில் கரகரவென்று சத்தம். நிறுத்தினேன். வாசலில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

"கொஞ்சம் எறங்கி நடங்கம்மா. எல்லாரும் எறங்குனாதான் ஏறும்."

அம்மா பூசைத் தட்டோடு இறங்கினார். அத்தை விடுவாரா? "நடந்து வந்த கோயில்தானே அண்ணி! வாங்க, நடந்தே போவோம். காரு நம்ம பின்னால வரட்டும்." கூட்டம் சிரித்தது.

"எங் கனம்தான் லா. பிள்ளைய ஒன்னும் சொல்லாத" என்றார் அம்மா. அவருக்கு உடம்பே இல்லை.

காலிக் கார் மேட்டைத் தாண்டி வாசலுக்கு வந்தது. பூசாரி நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பக்கத்துச் சீட்டும் பின் சீட்டும் காலியாக இருக்க, நான் ஒருத்தி உட்கார்ந்து நசுக்கினேன். கண்ணாடியில் அம்மா தெரிந்தார். காலில் செம்மண். பட்டறையில் நான் சொன்ன பதில் அப்போதுதான் என் காதில் விழுந்தது. அத்தை கேட்டதற்கும் அதுதானே பதில்?

அதைவிட மோசம், அதன் பிறகு நடந்தது. எங்கள் தாமான் குடியிருப்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு சின்ன மேடு உண்டு. நான் ஒன்றும் சொல்லாமலே அம்மா அங்கே, "நிறுத்து, எறங்கிக்கிறேன்" என்று இறங்கிவிடுவார். மார்க்கெட் பைகளைக்கூட வண்டியில் விட மாட்டார். பாரம் வேண்டாம் என்று அவற்றையும் எடுத்துக்கொண்டு நடப்பார். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் வேலியோரம் நின்று, "காரு கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். "இல்ல லா, புது சாமான் மாட்டிருக்கு. ரொம்ப ஒசத்தி" என்று அம்மா பெருமையாகச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி பட்டறைக்குப் போனேன்.

"எறக்கத்தான் வருவாங்க. ஏத்த வந்த மொத ஆளு நீதான்" என்று பட்டறைக்காரர் சிரித்தார்.

"பின்னால ஆளு ஏறுவாங்க அண்ணே" என்றேன்.

வளையங்களை மேலே ஏற்றி, விறைப்பையும் குறைத்தார். கார் பழையபடி மார்க்கெட் போகும் ஆன்ட்டி வண்டியாக நின்றது. திங்கட்கிழமை பையன்கள் என்ன சொல்வார்கள் என்று ஒரு நொடி நினைத்தேன். அப்படி நினைத்ததற்கும் வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பூசாரிக்குப் போன் செய்து, அம்மாவின் நேர்த்திக்கடனை முடிக்க வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னேன். அப்புறம் அத்தைக்கு.

"நானும் வரணுமா? எங்க எறங்கணும்னு இப்பவே சொல்லிரு" என்றார்.

"பின் சீட்டுல ஏறிக்கிங்க அத்த. கோயில் வாசல்லதான் எறங்கணும்."

எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த மேட்டுல எறங்கணுமா?"