நாத்தனார் முகம் ஏன் சிவந்தது?

போன வாரம் என் தம்பிக்குக் கல்யாணம். உத்திரமேரூரில்தான். தாலியில் மாப்பிள்ளை போடுவது ஒரு முடிச்சு. மிச்சம் இரண்டையும் அக்காக்காரி போடவேண்டும். அக்காக்காரி — அடியேன்.

சந்தோஷமான விஷயம்தானே? எனக்கோ பல நாளாகத் தூக்கமே இல்லை.

காரணம், என் முகம். இரண்டு வருஷமாக என் கன்னமும் மூக்கும் நினைத்த நேரத்தில் சிவந்துகொள்கின்றன. வெயில் பட்டால் சிவப்பு. சூடாக டீ குடித்தால் சிவப்பு. "ஏன் சிவந்திருக்கு?" என்று யாராவது கேட்டுவிட்டால்... அதற்குத் தனிச் சிவப்பு!

மாநிறக் கன்னத்தில் செங்கல்லைக் குழைத்து அப்பினால் எப்படி இருக்கும்? அப்படி இருப்பேன். பக்கத்து வீட்டில் அம்மை என்று பயந்தார்கள். மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். பூசினேன் — செங்கல், சூளையாகிவிட்டது. கடைசியில் காஞ்சிபுரத்துத் தோல் டாக்டர்தான் பெயரைச் சொன்னார். ரோசேசியா. ஒட்டாது, உயிருக்கு ஆபத்தில்லை, கட்டுக்குள் வைக்கலாம் என்றார்.

உயிருக்கு ஆபத்தில்லை, சரி. போட்டோவுக்கு?

அன்றிலிருந்து எங்கள் குடும்பப் படம் எதிலும் நான் இல்லை. "நீங்க நில்லுங்க, நான் எடுக்கறேன்" என்று போனைப் பிடுங்கிக்கொள்வேன். தம்பிக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் முந்தானையால் பாதி முகத்தை மூடி, தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காபி சூடாக இருந்ததால் தொடவில்லை. நிச்சயதார்த்தத்தில் எல்லோரும் படத்துக்கு நின்றபோது நான் பாத்ரூமில் பத்திரமாக இருந்தேன்.

முடிச்சையும் சித்தி மகள் தலையில் கட்டப் பார்த்தேன். தம்பி விடவில்லை.

"இன்னாக்கா வெளையாடுறியா? கூடப் பொறந்தவ நீ கீறப்ப வேற யாரு போடுவாங்க?"

"பெரிய ஸ்க்ரீன்ல காட்டுவாங்கடா. மூஞ்சி செவந்துடும்."

"செவந்தா செவக்கட்டும். நீ வரலன்னா நான் தாலியே கட்டல."

வந்தேன். ஓமப் புகை, வீடியோ லைட், ஃபேன் எட்டாத மணமேடை — என் முகத்துக்கு ஆகாததெல்லாம் ஒரே இடத்தில். கெட்டிமேளம் முழங்கியது. தம்பி முதல் முடிச்சைப் போட்டு நகர, நான் மணப்பெண் நித்யாவின் பின்னால் குனிந்தேன். நிமிர்ந்தால், எதிரே எல்.இ.டி. திரை முழுக்க என் மூக்கு! ரயிலையே நிறுத்தியிருக்கலாம். அவ்வளவு சிவப்பு. கயிறு கையிலிருந்து நழுவியது.

அப்போது நித்யா தலையைத் திருப்பாமல் மெல்லக் கேட்டாள்.

"அண்ணி... என்னை உங்களுக்குப் புடிக்கலையா?"

"இன்னாம்மா சொல்ற?"

"பொண்ணு பாக்க வந்தப்ப என்னை நிமிந்தே பாக்கல. காபி குடிக்கல. நிச்சயத்துல ஒரு போட்டோவுக்குக் கூட வரல. இப்பயும் கோவமாத்தான் கீறீங்க. அதோ, ஸ்க்ரீன்ல தெரியுதே."

குரல் உடைந்திருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரே என் கன்னத்தைத்தான் பார்க்கிறது என்று நான் ஒளிந்துகொண்டிருந்தேன். இந்தப் பெண்ணுக்கோ நான் ஒளிந்தது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. இத்தனை நாள் எவ்வளவு பயத்தோடு இருந்திருப்பாள்! புது வீட்டில் காலடி வைக்கும் முன்பே ஒரு கோபக்கார நாத்தனார்!

"ஐயோ கண்ணு! கோவமே இல்ல. இது ஒரு நோவு. ரோசேசியா."

"ரோசியாவா? அது யாரு அண்ணி?"

அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும்தான். தம்பி முழித்தான், புரோகிதர் முறைத்தார். இரண்டு முடிச்சையும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே போட்டேன். அதன்பிறகு போட்டோகிராபர் கூப்பிட்ட ஒவ்வொரு படத்துக்கும், நித்யா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

நேற்று அந்தப் படங்கள் வந்தன. போட்டோகிராபர் நல்ல மனிதர். கேட்காமலே கம்ப்யூட்டரில் சிவப்பை நீக்கி, என்னை அழகியாக்கி அனுப்பியிருந்தார். ஆனால் கூடவே நித்யாவின் அரக்குச் சிவப்புக் கூறைப்புடவையும் வெளுத்துக் கோணிப்பை நிறத்துக்குப் போயிருந்தது.

உடனே போன் செய்தோம். சிவப்பைத் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறோம்.

இரண்டு பேருக்கும்.