வெள்ளையில் விழுந்த கோடு

நாற்பத்தேழு ஆனியில், குற்றாலச் சாரலுக்கு வந்து என் பக்கத்து அறையில் தங்கியிருந்தார் எங்கள் ஜில்லாக்காரர் ஒருவர். சர்வே இலாகாவில் படம் வரைகிறவர், நகக்கண்ணெல்லாம் மை. வடஇந்தியாவின் பழைய எல்லைகளை, நூற்றாண்டுக்கு ஒன்றாக, மெல்லிய தாள்களில் வரைந்திருந்தார். தினமும் அவற்றை அடுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். கோடுகள் குவிந்த இடம் கறுத்துத் தெரியும்.

"கறுத்த எடத்துல எவனும் நெலச்சதில்ல. சனங்க நிம்மதியா குடியிருக்கது இந்த வெள்ளையிலதான்."

ஒருநாள் அவருக்குத் தந்தி வந்தது.

"டெல்லிக்குக் கூப்பிடுதாவ. ஆடிக்குள்ள நாட்டைப் பிரிச்சுக் கோடு போடணுமாம்."

"அந்த ஊரெல்லாம் பாத்திருக்கியளா, அண்ணாச்சி?"

"இல்ல. போடச் சொல்லுத தொரையும் பாத்ததில்லையாம்."

தாள்களை என்னிடமே விட்டுப்போனார். ஆவணியில் அவரிடமிருந்து, கடிதமின்றி, ஒரு தாள் மட்டும் தபாலில் வந்தது. அடுக்கின்மேல் வைத்து ஜன்னலில் பிடித்தேன்.

புதுக்கோடு வெள்ளையின் நடுவே போயிருந்தது.